அண்டை ஸ்தல ஸ்தாபனங்களும் குடியிருப்பு வீடுகளும்

சொந்தப் பொருளைக் கொண்டு வீடு கட்டிக்கொள்ளச் சக்தியற்ற குடும்பங்கள் எந்த நாட்டிலும் உண்டு. இத்தகைய குடும்பங்களுக்குப் பொதுப் பணத்தில் வீடு கட்டி, குறைந்த வாடகைக்கு விடும் பொறுப்பை மேல்நாடுகள் பலவற்றில் நகரசபைகளும் கிராமப்புறச் சபைகளும் ஏற்று நடத்தி வந்திருக்கின்றன. இவ்வேலையைச் சபைக்குச் சபை தனித்தனியே நடத்துவது நலமா, அல்லது அண்டையிலுள்ள சபைகள் யாவற்றின் வீடுகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவருவது நலமா என்பது நெடுநாளாக ஆலோசிக்கப்பட்டு வரும் விஷயம். இதனை ஒரு நாடு முழுவதிலும் செய்து பார்த்த இடம் வட அயர்லாந்து. அங்கே 65 ஸ்தாபனங்களிடம் பிரிந்து கிடந்த வீட்டு வேலை 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஒரே சபையிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அவ்வாறு செய்ய நேர்ந்த காரணமும், செய்த விதமும், விளைந்த பலனும் ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத்தக்கவை. கடனாயினும், விதையாயினும், வீடாயினும், வேண்டுவோர் பலராகவும் கையிலுள்ள பொருள் சிறிதாகவும் இருக்கும்போது எவருக்கு முதலில் கொடுப்பது என்னும் கேள்வி பிறக்கின்றது. அக்கேள்விக்கு நியாயமான விடை கிடைக்கும் வரையில் சங்கம் நிலைக்கும். கிடைக்காவிடில் கணக்குப் புத்தகம் எவ்வளவு ஒழுங்காக இருப்பினும் ஜனங்களின் நம்பிக்கை போய்விடும். வட அயர்லாந்தில் இக்கேள்வி ஒரு நாட்டின் அமைதியையே குலைக்கும் அளவுக்கு முற்றியது.

நாடும் சபைகளும்

வட அயர்லாந்து ஆறு ஜில்லாக்கள் அடங்கிய சிறு நாடு. விஸ்தீரணம் சுமார் 5,450 சதுர மைல். 1971-ல் ஜனத்தொகை சுமார் 15 லட்சம். 1921 முதல் தனி மந்திரிசபையும் சட்டசபையும் உடையதாய், பிரிட்டிஷ் ராஜ்யத்தின் ஒரு பகுதியாக இருந்துவந்தது. ஜனங்களில் பெரும்பான்மையோர் பிராட்டஸ்டண்டு கிறிஸ்தவர். இவர்கள் பெரும்பாலும் பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பிய யூனியனிஸ்டு கட்சியினர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். இவர்களிற் பலர் தெற்கேயுள்ள அயர்லாந்தோடு சேர விரும்பியவர்கள். இவ்விரு வகுப்பினரிடையேயுள்ள பிணக்கு பல தலைமுறையாக வளர்ந்துவந்ததாகும்.

இச்சிறு நாட்டில் நகரசபைகளும், சிறு பட்டணச் சபைகளும், கிராமப்புறச் சபைகளுமாக அறுபதுக்கு மேற்பட்ட ஸ்தல ஸ்தாபனங்கள் வீடு கட்டி வாடகைக்கு விடும் அதிகாரம் பெற்றிருந்தன. 1944-ல் நடந்த ஒரு விசாரணையில், உடனடியாக ஒரு லட்சம் புது வீடுகள் தேவை என்று தெரியவந்தது. ஸ்தல ஸ்தாபனங்களால் மட்டும் இவ்வளவு பெரிய வேலை ஆகாது என்று கண்ட சர்க்கார், 1945-ல் வீட்டு டிரஸ்ட் என்ற தனி ஸ்தாபனம் ஒன்றையும் ஏற்படுத்தினர். அந்த டிரஸ்ட் தன் ஆயுட்காலத்தில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டிற்று. ஆயினும் வாடகையைத் தவறாது செலுத்தக்கூடியவர்களையே அது பெரும்பாலும் குடிவைத்ததால், பரம ஏழைகள் ஸ்தல ஸ்தாபனங்களின் வாசலிலேயே காத்துநிற்க நேர்ந்தது.

சபைகளில் சில தாராளமாகக் கட்டின; சில மிகக் குறைவாகக் கட்டின. மனு வாங்கும் விதமும், ஜாபிதா எழுதும் விதமும், வாடகை விகிதமும் சபைக்குச் சபை மாறுபட்டன. ஒரு சபையின் எல்லைக்குள் பத்து வருஷம் காத்திருந்த குடும்பத்துக்கு, ஒரு மைல் தூரத்திலுள்ள அடுத்த சபையின் ஜாபிதாவில் இடமில்லை. இவை யாவும் சிறு சபைகளுக்கு இயல்பான குறைகளே. இவற்றினும் பெரிய குறை ஒன்று இருந்தது.

வீடும் வோட்டும்

பிரிட்டனில் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில், வயது வந்த பிரஜைகள் யாவருக்கும் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் வோட்டுரிமை அளிக்கப்பட்டது. வட அயர்லாந்திலோ அவ்வாறு செய்யப்படவில்லை. அங்கே பெரும்பாலும் வீட்டு வரி செலுத்தும் குடித்தனக்காரருக்கும் அவர் மனைவிக்குமே ஸ்தலத் தேர்தலில் வோட்டு இருந்தது. பெற்றோர் வீட்டிலேயே தங்கியிருந்த வயது வந்த மகனுக்கு வோட்டில்லை. பிறர் வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருந்த தம்பதிகளுக்கும் வோட்டில்லை. இம்முறை 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் நீக்கப்பட்டது.

இதன் விளைவை யோசித்துப் பார்ப்பது எளிது. ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுத்தால் அக்குடும்பத்துக்கு இரண்டு வோட்டும் கொடுத்ததாகும். அந்த வோட்டுகள் அடுத்த தேர்தலில் அதே சபையின் அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே வீடு வழங்கும் அங்கத்தினர், தம்மைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தையும் தாமே பெருக்கவோ குறைக்கவோ கூடியவராக இருந்தார். எதிர்க்கட்சிக் குடும்பம் எவ்வளவு நெருக்கடியில் இருப்பினும், அதற்கு வீடு கொடுப்பது தம் ஆசனத்தை இழப்பதற்கு வழி என்று அவருக்குத் தோன்றினால் ஆச்சரியமில்லை. மனிதர் கெட்டவராக இருக்கவேண்டுமென்பதில்லை. ஏற்பாடே அவரைக் கெடுத்துவிடும். கடன் மனுக்களைத் தீர்மானிக்கும் பஞ்சாயத்தார், அக்கடன் பெறுவோரின் வோட்டினாலேயே பதவியில் நீடிக்கும் சங்கங்களில் எழும் தொல்லை எத்தகையது என்பதை அநுபவமுள்ள அங்கத்தினர்கள் அறிவார்கள்.

லண்டன்டெரி நகரம்

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு, டெரி என்றும் வழங்கப்படும் லண்டன்டெரி நகரமே சாட்சி. 1967-ல் அந்நகரின் ஸ்தல வோட்டர்களில் கத்தோலிக்கர் 14,429 பேர். மற்றவர் 8,781 பேர். நகரசபையிலோ யூனியனிஸ்டுகள் 12 பேரும் மற்றவர்கள் 8 பேருமாக இருந்தனர். சிறுபான்மையோர் வோட்டைக் கொண்டு பெரும்பான்மை ஆசனங்கள் கிடைத்த விதத்தை வட்டாரக் கணக்கு விளக்குகின்றது.

நகரம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தெற்கு வட்டாரத்தில் 10,047 கத்தோலிக்க வோட்டர்களும் 1,138 மற்றவர்களும் சேர்ந்து 8 அங்கத்தினரைத் தேர்ந்தெடுத்தனர். வடக்கு வட்டாரத்தில் 2,530 கத்தோலிக்கரும் 3,946 மற்றவர்களும் 8 அங்கத்தினரைத் தேர்ந்தெடுத்தனர். நதிக்கு அப்பாலுள்ள மூன்றாவது வட்டாரத்தில் 1,852 கத்தோலிக்கரும் 3,697 மற்றவர்களும் 4 அங்கத்தினரைத் தேர்ந்தெடுத்தனர். இக்கணக்கு மாறாமலிருக்க வேண்டுமாயின், புதிதாக வீடு பெறும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தெற்கு வட்டாரத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். தெற்கு வட்டாரத்திலோ நிலம் தீர்ந்துபோயிற்று. நகர எல்லையை வெளியே விஸ்தரித்து வீடு கட்ட வேண்டுமென்ற கோரிக்கையும் நெடுங்காலம் நிறைவேறவில்லை. ஒரு வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வசித்தன. எல்லைக்கு அப்பால் வெட்டவெளி கிடந்தது. நெருக்கடிக்கு மருந்து அண்டைச் சபையின் எல்லைக்குள் இருந்தும் அது பயன்படவில்லை.

காலிடன் கிராமத்து வீடு

டங்கனன் என்னும் சிறு பட்டணத்தில் 1963-ல் இளம் தாய்மார்கள் ஒன்றுசேர்ந்து, குழந்தைகளோடு வீதியில் வந்து தங்களுக்கு வீடு வேண்டுமென்று கிளர்ச்சி செய்தனர். அடுத்த வருஷம் அவ்வூர் வைத்தியர் கான் மக்ளஸ்கியும் அவர் மனைவி பட்ரீஷியாவும் முன்னின்று சமூக நீதிக்கான சங்கம் ஒன்றை நிறுவி, எந்தச் சபை எவருக்கு வீடு கொடுத்தது என்ற விவரங்களைச் சேகரித்து வெளியிட்டனர். ஆத்திரத்தைக் காட்டிலும் கணக்கு அதிக வலிமையுள்ளது என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

1968 ஜூன் மாதத்தில், டங்கனன் கிராமப்புறச் சபையைச் சேர்ந்த காலிடன் என்னும் கிராமத்தில் புது வீடு ஒன்று விவாகமாகாத 19 வயதுப் பெண் ஒருத்திக்கு வழங்கப்பட்டது. அவள் யூனியனிஸ்டு கட்சி அபேட்சகர் ஒருவரிடம் காரியதரிசியாக வேலை பார்த்தவள். அச்சமயத்திலேயே, பக்கத்து வீட்டில் அநுமதியின்றிக் குடியேறியிருந்த குழந்தைகளுள்ள கத்தோலிக்கக் குடும்பமொன்று வெளியேற்றப்பட்டது. சட்டசபை அங்கத்தினரான ஆஸ்டின் கரி, ஜூன் 20-ந் தேதி அந்த வீட்டினுள் புகுந்து சத்தியாக்கிரகம்போல் உட்கார்ந்தார். சில மணி நேரத்தில் போலீஸார் அவரை வெளியேற்றினர். ஒரு கிராமத்து வீட்டைப் பற்றிய இச்செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆகஸ்டு 24-ந் தேதி கோலைலண்டிலிருந்து டங்கனனுக்கு உரிமை ஊர்வலம் நடந்தது. அக்டோபர் 5-ந் தேதி லண்டன்டெரியில் நடந்த ஊர்வலம் போலீஸாரின் தடியடியில் முடிந்தது. அதன்பின் மூண்ட கலகம் சுமார் முப்பது வருஷம் நீடித்து மூவாயிரத்தைந்நூறு உயிர்களைப் பலிகொண்டது. அக்கலகத்துக்கு வீட்டுக் குறை ஒன்றே காரணமன்று. ஆயினும் பொறி விழுந்த இடங்களுள் அது முக்கியமானது.

காரணங்களை விசாரிக்க நியமிக்கப்பட்ட காமரன் பிரபுவின் கமிஷன் 1969 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. வீடு வழங்குவதில் சில சபைகள் தேவையை முதன்மையாகக் கொள்ளாமல், தங்கள் கட்சியின் ஆதிக்கத்தைக் காப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தன என்று அது முடிவு செய்தது. எல்லாச் சபைகளும் இவ்வாறு நடந்தன என்று சொல்லுவதற்கில்லை. நியாயமாக நடந்த சபைகளும் இருந்தன. எதிர்ப்பக்கத்தார் கையிலிருந்த சில சபைகளின் மீதும் இதே குறை சொல்லப்பட்டது. ஆயின் நியாயம் ஒவ்வொரு சபையின் மனப்போக்கைச் சார்ந்து நின்றதே பெருங்குறை.

ஒரே சபை

சர்க்கார் முதலில் 1968 நவம்பரில், சபைகள் யாவும் மார்க்கு முறைப்படி வீடு வழங்க வேண்டுமென்ற சீர்திருத்தத்தை அறிவித்தனர். விதி ஒன்றாக இருந்தும் அதைக் கையாளுவோர் பலராக இருந்தால் நம்பிக்கை பிறவாது என்பது விரைவில் தெளிவாயிற்று. ஆகவே 1969 அக்டோபரில், வீட்டு வேலை முழுவதையும் ஒரே மத்திய ஸ்தாபனத்திடம் ஒப்படைப்பதென்று தீர்மானமாயிற்று. 1971 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறிற்று. வட அயர்லாந்து வீட்டு நிர்வாக சபை பிறந்தது.

ஸ்தல ஸ்தாபனங்களிடமிருந்த வீடுகளும், வீட்டு டிரஸ்டின் வீடுகளும், புதுப் பட்டணங்களை அமைக்க ஏற்படுத்தப்பட்டிருந்த மூன்று அபிவிருத்திக் கமிஷன்களின் வீடுகளும் இச்சபையிடம் ஒப்புவிக்கப்பட்டன. மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1971 முதல் 1973 வரை பகுதி பகுதியாக நடந்தது. முடிவில் சுமார் ஒன்றரை லட்சம் வீடுகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1973 அக்டோபரில் பழைய ஸ்தல ஸ்தாபனங்களும் கலைக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாக 26 ஜில்லா சபைகள் ஏற்பட்டன. இவற்றுக்குக் குப்பை அகற்றல், இடுகாடு, பொழுதுபோக்கு இடங்கள் முதலிய வேலைகள் விடப்பட்டன. வீடு வழங்கும் அதிகாரம் விடப்படவில்லை.

மார்க்கு முறை

புதிய சபை செய்த முதற்காரியங்களுள் முக்கியமானது, நாடு முழுவதுக்கும் ஒரே விதியை அச்சிட்டு வெளியிட்டதாகும். மனுதாரரின் நிலைமைக்கு மார்க்கு கொடுக்கப்பட்டது. இடநெருக்கடிக்கு இவ்வளவு, வீடு பழுதடைந்திருப்பதற்கு இவ்வளவு, நோய்க்கு இவ்வளவு, ஒண்டுக் குடித்தனத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டது. வீடு முற்றும் இழந்தவர்களுக்கும் அவசர நிலையிலுள்ளவர்களுக்கும் தனி முன்னுரிமை அளிக்கப்பட்டது. காலியான வீடு, அவ்விடத்தை விரும்பியவர்களுள் அதிக மார்க்கு உள்ளவருக்குச் சென்றது.

இம்முறையின் சிறப்பு, மார்க்கு எண்களில் மட்டும் இல்லை. மூன்று நன்மைகள் சேர்ந்து கிடைத்தமையில் இருக்கின்றது. முதலாவது, மனுதாரர் தம் மார்க்கைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். தவறிருப்பின் மேல்முறையீடு செய்யலாம். இரண்டாவது, வீடு வழங்கும் உத்தியோகஸ்தருக்கு அதனால் வோட்டும் இல்லை, வேறு லாபமும் இல்லை. மூன்றாவது, தலைவர் ஒருவரைக் கண்டு சிபாரிசு பெறவேண்டிய அவசியம் ஒழிந்தது. சிபாரிசுக்கு மார்க்கு இல்லையாதலால் அதனால் பயனும் இல்லை. கலகம் மும்முரமாக நடந்த வருஷங்களிலும், இரு வகுப்பினரும் இந்த ஸ்தாபனத்தைப் பெரும்பாலும் நியாயமானதென்றே ஒப்புக்கொண்டு வந்தனர். 2000-ஆம் வருஷ முதல் தருமநோக்குள்ள வீட்டு சங்கங்களும் இதே ஜாபிதாவையும் இதே விதியையும் கையாண்டு வருகின்றன. ஏழைக் குடும்பம் பத்து வாசல்களில் பத்து மனு எழுத வேண்டாமல், ஒரே மனு போதுமென்றாயிற்று.

எல்லை கடந்த வேலை

ஒன்றுகூடியதால் கிடைத்த மற்றொரு பயன், சபை எல்லைகளைக் கடந்து வீடு கட்ட முடிந்ததாகும். பெல்பாஸ்டு நகரின் மேற்குப் பகுதியில் கத்தோலிக்கர் நெருக்கடி தாங்கமுடியாத நிலையில் இருந்தது. வீடு கட்டத்தக்க நிலமோ அடுத்த லிஸ்பர்ன் சபையின் எல்லைக்குள் இருந்தது. அங்கே போல்கிளாஸ் என்னும் புதுக் குடியிருப்பை அமைக்க 1970-களில் திட்டம் வகுத்தபோது, லிஸ்பர்ன் சபையார் கடுமையாக எதிர்த்தனர். பழைய ஏற்பாட்டில் இவ்வெதிர்ப்பே திட்டத்துக்கு முடிவாக இருந்திருக்கும். வீட்டு நிர்வாக சபை இருந்தமையால், முதலில் எண்ணியதைவிடச் சிறிதாயினும், குடியிருப்பு எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் குடும்பங்கள் குடியேறின.

பழுதுபட்ட வீடுகளைச் சீர்திருத்தும் வேலையும் ஒரே கண்ணோடு பார்க்கப்பட்டது. 1974-ல் நாடு முழுவதும் வீடுகளின் நிலைமையைச் சோதித்தபோது, நூற்றுக்கு 19.6 வீடுகள் மனித வாசத்துக்குத் தகுதியற்றவை என்று கண்டனர். சபைக்குச் சபை வேறு அளவுகோல் இருந்தவரையில் இந்த உண்மை வெளிப்பட இடமில்லை. எந்த வட்டாரத்தில் எத்தனை வீடு எந்த நிலையில் உள்ளது என்று தெரிந்தபின், கூச்சல் மிகுந்த இடத்துக்குப் பணம் அனுப்பாமல் குறை மிகுந்த இடத்துக்கு அனுப்ப முடிந்தது. அடுத்த முப்பது வருஷங்களில் தகுதியற்ற வீடுகளின் விகிதம் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிற்று.

ஒன்றுகூடியதால் வந்த சிரமங்கள்

இவ்வளவு நன்மை கூறியதனால் ஒன்றுகூடுதல் எளிதான காரியமென்று எண்ணலாகாது. வீடுகளை ஒப்புவித்துக்கொண்ட காலத்தில், பல சபைகளின் ரிஜிஸ்தர்கள் பல விதமாக இருந்தன. ஒரே அளவுள்ள வீட்டுக்கு ஓரிடத்தில் ஒரு வாடகையும் மற்றோரிடத்தில் வேறு வாடகையும் இருந்தன; அவற்றைச் சமன்செய்ய முயன்றால் கூடுதலாகச் செலுத்த நேரும் குடித்தனக்காரர் முறையிடுவது இயல்பே. மராமத்து செய்யாமல் நெடுநாள் விடப்பட்ட வீடுகளின் சுமையும் புதிய சபையின் தலையில் விழுந்தது.

காலமும் அநுகூலமாக இல்லை. 1969-ன் கோடைக் கலவரங்களில் பெல்பாஸ்டில் மட்டும் ஆயிரத்தெண்ணூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்து ஓடின. பின்வந்த வருஷங்களில் இன்னும் பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தனர். காலி வீடுகளில் அநுமதியின்றிக் குடியேறுவோர் பெருகினர். 1971 ஆகஸ்டில் விசாரணையின்றிச் சிறைப்படுத்தும் முறை தொடங்கியபோது, அதற்கு எதிர்ப்பாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாடகையையும் வரியையும் நிறுத்தின. அப்பாக்கியைச் சர்க்கார் உதவிப் பணத்திலிருந்து பிடித்துக்கொள்ள அவ்வருஷமே தனிச் சட்டம் செய்யப்பட்டது. நியாயமாக வீடு வழங்க ஏற்பட்ட சபையே, தான் செய்யாத காரியத்துக்காக வாடகை மறுக்கப்பட்டு, ஏழைகளிடம் பாக்கி பிடிக்கும் சபையாகவும் ஆயிற்று.

பெரிய ஸ்தாபனத்துக்கே உரிய குறை மற்றொன்று. முன்பு கூரை ஒழுகினால் குடித்தனக்காரர் தம் ஊர்ச் சபை அங்கத்தினரைத் தெருவில் கண்டு சொல்லலாம். மாற்றத்துக்குப் பின் எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. எழுத்து ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்குப் போகவேண்டியிருந்தது. இக்குறையைத் தவிர்க்க ஜில்லாதோறும் கிளை ஆபீஸ்கள் வைக்கப்பட்டன. ஜில்லா சபைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் வீதம் கூடிய வீட்டு ஆலோசனைச் சபை ஒன்றும் அமைக்கப்பட்டது. அது ஊர்ப் பிரதிநிதிகளின் குறைகளை எடுத்துரைப்பதோடு, நிர்வாக சபையின் அங்கத்தினருள் நால்வரைக் குறிப்பிட்டு அனுப்பும் உரிமையும் பெற்றது. 2015-ல் ஜில்லா சபைகள் 26-லிருந்து 11 ஆகக் குறைந்த பின்னும் இவ்வாலோசனைச் சபை நடந்து வருகின்றது. ஊரார் பேசலாம், ஆட்சேபிக்கலாம், ஆலோசனை கூறலாம்; ஒரு குறிப்பிட்ட வீடு ஒரு குறிப்பிட்டவருக்கு என்று மட்டும் தீர்மானிக்கலாகாது. இப்பிரிவினையே அந்த ஏற்பாட்டின் ஆணிவேர்.

நிர்வாகத்தால் ஆகாதவை

நிர்வாகத்தை ஒன்றுகூட்டுவதால் மனங்களை ஒன்றுகூட்ட முடியாது என்பதையும் வட அயர்லாந்து காட்டுகின்றது. விதி ஒன்றாயினும், உயிருக்குப் பயந்த குடும்பங்கள் தங்கள் வகுப்பினர் வசிக்கும் இடத்தையே கேட்டன. அவ்விருப்பத்தை மறுத்து எவரையும் ஆபத்தான இடத்தில் குடியேற்ற முடியாது. ஆகவே பெல்பாஸ்டில் பொதுக் குடியிருப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ஒரே வகுப்பினர் வசிக்கும் இடங்களாகவே இருந்துவருகின்றன. ஒரு வகுப்பினரின் பகுதியில் வீடு காலியாக இருக்க, மற்ற வகுப்பினர் காத்துநிற்கும் நிலையும் இதனால் உண்டாயிற்று.

நியாயமான ஜாபிதா புதிய வீட்டை உண்டாக்குவதுமில்லை. வாடகைக்கிருந்தோர் தங்கள் வீட்டையே விலைக்கு வாங்கிக்கொள்ளும் திட்டத்தினால் லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சபையின் கையை விட்டுப் போயின. 1990-களின் பிற்பகுதியிலிருந்து புதிதாகக் கட்டும் வேலை வீட்டு சங்கங்களிடம் மாற்றப்பட்டது. இப்பொழுது நிர்வாக சபையிடம் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. ஜாபிதாவில் காத்திருக்கும் குடும்பங்களோ 2020-களில் நாற்பதினாயிரத்தைத் தாண்டிவிட்டன. வரிசை நேராக இருப்பது பெரிய காரியந்தான். வரிசையின் முனையில் வீடு இருப்பதும் அவசியம்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை

அண்டையிலுள்ள ஸ்தாபனங்கள் ஒரு வேலையை ஒன்றுசேர்ந்து நடத்த எண்ணும்போது, செலவு குறையுமா என்பதே முதற்கேள்வியாகக் கேட்கப்படுகின்றது. வட அயர்லாந்தின் அநுபவம் வேறு கேள்விகளை முன்வைக்கின்றது.

முதலாவது, கொடுப்பவருக்குக் கொடுப்பதால் லாபம் உண்டா? உண்டாயின், சபை சிறிதாயினும் பெரிதாயினும் பாரபட்சம் நுழையும். பல சபைகளை ஒன்றாக்குவதனால் மட்டும் இக்குறை நீங்காது. வழங்கும் கையையும் வோட்டு வாங்கும் கையையும் பிரித்தாக வேண்டும்.

இரண்டாவது, விதி எழுத்தில் உள்ளதா, அதைச் சாமானியரும் படித்துத் தம் நிலையைக் கணக்கிட முடியுமா? காரியதரிசியின் நினைவிலும் தலைவரின் தயவிலும் இருக்கும் விதி விதியாகாது.

மூன்றாவது, எல்லைக்கு இப்பால் தேவையும் அப்பால் நிலமும் இருக்குமாயின், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிகாரமுள்ளவர் எவரேனும் உண்டா? எல்லைக்கோடு நிர்வாக வசதிக்காக வரையப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்கு மதிற்சுவராக அது நிற்றலாகாது.

நான்காவது, ஒன்றுகூடிய பின் ஊராரின் குரல் எவ்வழியாகப் போய்ச்சேரும்? ஆபீஸ் தூரமானால் காது மந்தமாகும். கிளை ஆபீஸும், ஊர்ப் பிரதிநிதிகளின் ஆலோசனைச் சபையும், மேல்முறையீட்டு வழியும் தொடக்கத்திலேயே சட்டத்தில் எழுதப்பட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாகாது.

ஐந்தாவது, ஒன்றுசேருமுன் ஒவ்வொரு ஸ்தாபனத்தின் ரிஜிஸ்தரும், பாக்கியும், மராமத்து நிலைமையும் சோதித்து ஒரே மாதிரிப் பதிவுக்குக் கொண்டுவரப்பட்டனவா? கணக்கு சேராமல் காரியம் சேராது.

இவற்றோடு கவனிக்கவேண்டியது காலம். 1945-லேயே வோட்டுரிமையைத் திருத்தி, விதியை அச்சிட்டு, அண்டைச் சபைகளை ஒரு ஜாபிதாவின் கீழ்ச் சேர்த்திருந்தால், அது சாதாரண நிர்வாகச் சீர்திருத்தமாக முடிந்திருக்கும். இருபத்தைந்து வருஷம் கழித்து அதே காரியம் கலகத்தின் நடுவில், காவற்படைகள் தெருவில் நிற்க, அவசரத்தில் செய்யப்பட்டது. செய்த காரியம் நல்லதாகவே இருந்தும், அது காத்திருக்கக்கூடிய உயிர்கள் பலவற்றுக்கு அது காலந்தாழ்ந்தே வந்தது. சங்கத்தின் மனு ஜாபிதாவைப் பற்றி ஒரு அங்கத்தினர் மகாசபையில் எழுந்து கேள்வி கேட்கும்போது, அதைக் குறும்பென்று தள்ளாமல், புத்தகத்தை எடுத்துக் காட்டி விடையளிப்பது பஞ்சாயத்தாரின் கடமையாகும்.